மெரூன் சட்டைக்குள் முட்டைக்கோஸ்

நான் நாலாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில், எங்கள் வீட்டுப் பின்வாசல் கொக்கியில் தலையில்லாத ஒரு குண்டுக் குழந்தை தொங்கியது. மெரூன் டீசர்ட். கழுத்தில் கயிறு, இரண்டு கையிலும் முடிச்சு, நடுவில் பெரிய தொப்பை. கீழே வைத்த குண்டாவில் சொட்டுச் சொட்டாகச் சிவப்புத் தண்ணீர். பால் ஊற்ற வந்தவர் அதைப் பார்த்து, அளவை மறந்து அரை லிட்டர் கூடுதலாக ஊற்றிவிட்டுப் போனார்.

உள்ளே இருந்தது முட்டைக்கோஸ். தொங்கவிட்டது என் சித்தி. தொங்கவிடக் காரணம் நான் என்றுதான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். கோயம்புத்தூரில் பொரித்த கோழி விற்கும் கடையொன்றில் எனக்குச் சின்னக் கிண்ணத்தில் கோல்ஸ்லா என்ற பச்சைக் கோஸ் சாலட் கொடுத்தார்கள். கோழியை அப்பாவிடம் தள்ளிவிட்டு கிண்ணத்தை வழித்து நக்கினேன். ஜில்லென்று, வெண்ணெய் மாதிரி வழுவழுவென்று, நடுவில் நறுக் நறுக்கென்று. அன்றிலிருந்து வீட்டில் ஒரே பாட்டு. அம்மா கோஸ் பொரியல் செய்து வைத்து, "இதுவும் அதுதான், தின்னு" என்றார். தேங்காய்ப்பூ தூவினால் கோல்ஸ்லா ஆகிவிடுமா?

சித்திதான் காது கொடுத்தார். சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து நாலைந்து மாதமே ஆகியிருந்தது. கல்லூரியில் துணி, நூல், சாயம் என்றே படித்தவர். வீட்டிலிருந்து காரில் போகிற தூரத்தில், நெருப்பெரிச்சல் என்ற ஊரில் அப்பாவும் சித்தப்பாவும் பனியன் கம்பெனி நடத்துகிறார்கள். சித்தி தானும் கம்பெனிக்கு வருகிறேன் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்பா ஒவ்வொரு தடவையும் ரொம்ப மரியாதையாக மறுத்தார். "உனக்கெதுக்கு கண்ணு அந்தத் தூசியும் சத்தமும்? ஊட்டுல ஃபேனைப் போட்டுட்டு நிம்மதியா இரு." கம்பெனியில் அந்தத் தூசிக்கும் சத்தத்துக்கும் நடுவே வரிசை வரிசையாகப் பெண்கள்தான் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார்கள். அது அப்பாவுக்குத் தோன்றவில்லை, எனக்கும்தான்.

அப்போது கம்பெனியில் குழந்தைகள் டீசர்ட் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. யார் வழியாகவும் இல்லாமல் வெளிநாட்டிலிருந்து நேரடியாக வந்த முதல் ஆர்டர். திரும்பி வந்தால் ஷட்டரை இறக்கிவிட வேண்டியதுதான் என்று வீட்டில் எல்லோரும் மெதுவான குரலில் பேசிக்கொண்டார்கள். துணிக்குச் சாயம் போட்டது, சாயப்பட்டறை வைத்திருந்த மாமா. அதாவது அப்பாவின் அக்காவான என் அத்தையின் வீட்டுக்காரர். சித்தப்பா ஒரு நாள் சட்டை ஒன்றைக் கொண்டுவந்து பெருமையாகக் காட்டியபோது, சித்தி கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி அதில் அழுத்தித் தேய்த்தார். விரல் சிவந்தது.

"இது போகுதுங்க."

"மாமா கெட்டிச் சாயம்னு சொல்லீட்டாரு. அவருகிட்டப் போயி நான் சாயம் போகுதுன்னு சொன்னா, அக்கா என்னைய ஊட்டு வாசப்படி மிதிக்க உடாது."

"சொல்லாம இருந்தா?"

"புதுத்துணி. ஒரு அலசுல கொஞ்சம் போகத்தான் செய்யும். நீ சும்மா இரு."

இதெல்லாம் என் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. மண்டை முழுக்கக் கோல்ஸ்லா.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவிலிலிருந்து அத்தை குடும்பம் ஒறம்பரையாக விருந்துக்கு வருவதாகச் சொன்னார்கள். மே மாதத்தில் ஒரு நாள் எல்லோரும் சேர்ந்து கறிச்சோறு தின்பது வழக்கம். மறுநாள் திங்கட்கிழமை சட்டைகளை ஏற்ற லாரி வருகிறது. சனிக்கிழமை இரவு சித்தி என்னைக் கூப்பிட்டு, "ஒறம்பரைக்குக் கோல்ஸ்லா பண்ணிப் போடலாமா கண்ணு?" என்றார். நான் கட்டிலில் ஏறிக் குதித்ததில் சட்டம் விட்டுப்போனது.

காலையிலேயே ஆரம்பித்தோம். நான்தான் தலைமை என்று நானே அறிவித்துக்கொண்டேன். போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டு, சித்தி ஏற்கெனவே செய்து முடித்த வேலைகளுக்கு உத்தரவு போட்டேன். பெரிய பெரிய கோசாக வாங்கி, நூல் மாதிரி நறுக்கினார். கேரட்டை நான் துருவினேன். கூடவே கொஞ்சம் விரலையும். வெயில் காலத்தில் பச்சை முட்டை வேண்டாம் என்று, ஜில்லென்ற பாலை மிக்ஸியில் ஊற்றி, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு அடித்தார். தண்ணீராக இருந்தது பார்க்கப் பார்க்க வெண்ணெயாகத் திரண்டது. அதில் கட்டித் தயிர், பாலாடை, எலுமிச்சம்பழம், சர்க்கரை, கடுகுப் பொடி, மிளகு. விரலை விட்டு நக்கினேன். கோயம்புத்தூரே வாய்க்குள் வந்துவிட்டது.

"கோசுக்குத்தான் கண்ணு இருக்குது வேலை. அதுக்குள்ள இருக்கற தண்ணி பூராம் இறங்கோணும். இல்லீனா கோல்ஸ்லா ரசமாப் போயிரும்" என்று சொல்லி, உப்பும் எலுமிச்சம்பழமும் போட்டுப் பிசறி வைத்தார்.

வடிகட்டத் துணி வேண்டும். எங்கள் ஊரில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் துணிக்கு வராது. வண்டி துடைக்க, குக்கர் பிடிக்க, தலையணையில் அடைக்க, எல்லாம் பனியன் வெட்டுத்துணிதான். நான் ஓடிப்போய், துவைத்து மடித்த வெள்ளைத் துண்டாகப் பார்த்து எடுத்துவந்தேன். சித்தி அதை வாங்கி, தோளில் போட்டுக்கொண்டார். பிறகு அலமாரியைத் திறந்து, சித்தப்பா கொண்டுவந்திருந்த அந்த மெரூன் சட்டையை எடுத்தார்.

"சித்தி, வெள்ளைத்துணி இருக்குதுங்களே?"

"இருக்கட்டும் கண்ணு. இதுல பாரு, பையாட்டம் இருக்குது. நீ போயித் தண்ணி வாத்துக்க."

குளித்துவிட்டு வந்தபோது குழந்தை தொங்கிக்கொண்டிருந்தது. கொடியில் என் வெள்ளைத் துண்டும் ஈரமாக ஆடியது. பயன்படுத்தாத துணியை ஏன் துவைத்தார் என்று யோசித்தேன். அதற்குள் வாசலில் கார் சத்தம்.

அத்தை வாசலில் கால் வைத்ததும் மூக்கால் சமையலறையைச் சோதனை போடுகிறவர். நான் ஓடிப்போய்க் கோல்ஸ்லாவைப் பற்றி விளக்கினேன்.

"பச்சைக் கோசா?" என்றார் அத்தை. "ஏம்புள்ளே, எங்க ஊட்டு எருமையே பச்சைக் கோசக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்கும். படிச்ச புள்ள வந்து எங்களைய எருமைக்கும் கீழ எறக்கிப் போட்டுது."

"தின்னு பாருங்க நங்கை, அப்பறம் சொல்லுங்க" என்று சித்தி நாத்தனாரிடம் சிரித்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. அத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்ன வேண்டும்; அதை நான் பார்க்க வேண்டும். அன்றைக்கு எனக்கு வேறு லட்சியமே இல்லை.

எல்லோரும் வாழை இலையில் உட்கார்ந்தார்கள். சித்தி கண்ணாடிக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். எட்டிப் பார்த்த எனக்கு அழுகை முட்டியது. வெள்ளையாக இருக்க வேண்டியது ரோஸ் நிறத்தில் இருந்தது. பஞ்சு மிட்டாயை ஊறவைத்த மாதிரி.

மாமாவுக்கு மட்டும் முகம் மலர்ந்தது. "அடடா! என்னா கலரு! பீட்ரூட் போட்டயா கண்ணு?" என்று கரண்டியை நீட்டினார்.

சித்தி கிண்ணத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"இல்லீங்கண்ணா. நம்ம சட்டைங்க."

"எந்தச் சட்டை?"

"நீங்க சாயம் போட்ட மெரூனுங்க. வடிகட்டறதுக்கு வெள்ளைத்துணி ஒண்ணு கைக்குச் சிக்கலீங்க..."

"நான் குடுத்..." என்று வாயைத் திறந்தேன். முழு கேரட் ஒன்று வாய்க்குள் வந்து சேர்ந்தது. சித்தி என்னைப் பார்க்கவேயில்லை. கை மட்டும் வந்துவிட்டுப் போனது.

"...கெட்டிச் சாயம்னு நீங்க சொல்லியிருந்தீங்களா, அந்தத் தைரியத்துல அதுக்குள்ள கட்டித் தொங்க உட்டனுங்க. உப்பும் எலுமிச்சம்பழமுந்தானுங்க போட்டேன். கொழந்தைக வெயில்ல ஓடியாடுனா வேர்க்குமில்லீங்க, அதைய விட ஒண்ணும் அதிகமில்லீங்க. நெம்பத் தப்பாப் போச்சுங்கண்ணா. மன்னிச்சிருங்க."

நான் கேரட்டைக் கடிக்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றேன். சித்தி பொய் சொல்கிறார்! வெள்ளைத்துணி கொடியில் ஆடிக்கொண்டிருக்கிறது!

அப்பா எழுந்து பின்வாசலுக்குப் போய், ஈரச்சட்டையைக் கொண்டுவந்தார். உடுத்தியிருந்த வெள்ளை வேட்டி முனையை அதில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினார். முனை சிவந்தது. அதைத் தூக்கி மாமாவுக்கு நேராகப் பிடித்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அப்பா நின்ற நிலைக்கு வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

மாமா இலையைப் பார்த்தார். "அவசரம்னு மிச்சச் சாயம் போகற வரைக்கும் துணிய சோப்பு வாஷ் உடாம இறக்கீட்டானுகளாட்ட இருக்குது மாப்ள" என்றார் மெல்ல.

அடுத்த நிமிடம் அப்பா, மாமா, சித்தப்பா மூன்று பேரும் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா சட்டையை எடுத்துக்கொண்டார். சித்தப்பா என் கோல்ஸ்லாக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறினார். கார் கம்பெனிப் பக்கம் பறந்தது. கேரட்டைத் துப்பிவிட்டு ஓவென்று அழுதேன்.

அத்தைக்கு மட்டும் கதை இன்னும் பிடிபடவில்லை. "பச்சைக் கோசுக்கு வந்த காலத்தப் பாரு. பாதிச் சோத்துல கிண்ணத்தோட தூக்கீட்டு ஓடறானுக" என்றார்.

சித்தி ஃபிரிட்ஜைத் திறந்து இன்னொரு கிண்ணத்தை எடுத்து வைத்தார். வெள்ளை வெளேரென்று, நடுநடுவே கேரட் மின்ன, கோயம்புத்தூர்க் கோல்ஸ்லா. என் அழுகை பாதியில் நின்றது.

"ரெண்டு எதுக்குங்க சித்தி பண்ணுனீங்க?"

"ஒண்ணு திங்கறதுக்கு, ஒண்ணு பாக்கறதுக்கு" என்று என் இலையில் வைத்தார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நேரமும் இல்லை. அத்தை சந்தேகத்தோடு ஒரு வாய் வைத்தார். மென்றார். கூரையைப் பார்த்தார். பிறகு, "வெயிலுக்குக் குளுகுளுன்னுதான் இருக்குது. இன்னும் சித்த வை, தின்னு பாப்போம்" என்றார். நான் உலகத்தையே ஜெயித்துவிட்டேன்.

திங்கட்கிழமை லாரி வந்து வெறுமனே திரும்பியது. சட்டைகள் எல்லாம் பட்டறைக்குப் போய் மறுபடி சோப்பு வாஷில் குளித்து, அயர்ன் ஆகி, தாமதமாகவே கப்பல் ஏறின. திரும்பி வரவில்லை. இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது.

அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். திங்கட்கிழமை காலை சித்தி தலைவாரி, டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். "கண்ணு, காருல ஏறிக்க, நேரமாச்சு" என்று அப்பா அவரைக் கூப்பிட்டார். கம்பெனிக்கு! தூசியும் சத்தமுமாக இருக்கிற அந்த இடத்துக்கு! ஒரு கிண்ணம் கோல்ஸ்லாவைக் கெடுத்ததற்கு இவ்வளவு பெரிய தண்டனையா?

நான் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டேன். "இனிமே நல்லாப் பண்ணுவாங்கப்பா, இந்த ஒரு தடவை உட்ருங்கப்பா" என்று கெஞ்சினேன். அப்பா என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "தினமும் போகோணும்" என்றார். கல்நெஞ்சம்.

வேறு வழி தெரியவில்லை. ஓடிப்போய், கொடியில் காய்ந்திருந்த வெள்ளைத் துண்டை எடுத்து மடித்து சித்தியின் பைக்குள் திணித்தேன். "அடுத்த தடவை இதுல கட்டுங்க சித்தி" என்று காதோடு சொன்னேன்.

சித்தி என்னை இறுகக் கட்டிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. கார் திரும்பும்போது ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர், முகம் கொள்ளாத சிரிப்பு. பாவம், நான் அழக்கூடாது என்பதற்காகத்தான் அப்படிச் சிரிக்கிறார் என்று நினைத்து, நானும் பல்லைக் கடித்துக்கொண்டு கையசைத்தேன்.