இரண்டு இடத்தில் அம்மா

என் தொழிலில் ஒரே ஆள் படத்தில் இரண்டு இடத்தில் நின்றால் அது பிழை. சாதாரணப் பிழைகூட இல்லை, காசு திரும்பக் கேட்கிற பிழை. வீடு விற்கிற ஏஜெண்டுகளுக்குப் படம் எடுத்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப் பக்கம், கூலாய், செனாயில் புது வீடு எழும்பினால் கூப்பிடுவார்கள். ஹாலின் நடுவில் டிரைபாடை வைத்து, மீன்கண் லென்ஸால் நாலு பக்கமும் நாலு படம், கூரைக்கு ஒன்று. அந்த லென்ஸ் முன்னால் இருக்கிற பாதி அறையை அப்படியே உருண்டையாக விழுங்கிவிடும். அப்புறம் கம்ப்யூட்டரில் ஓரத்தோடு ஓரம் சேர்த்துத் தைத்தால் முழுக் கோளமாக ஒரே படம். நாங்கள் 'த்ரீ சிக்ஸ்டி' என்போம். பார்க்கிறவர் போனில் விரலால் தள்ளித் தள்ளி, கேமரா நின்ற இடத்தில் தானே நிற்பதுபோல எந்தப் பக்கமும் திரும்பிக்கொள்ளலாம்.

நாலு படத்துக்கும் நடுவில் யாராவது நகர்ந்துவிட்டால் போச்சு. ஒரு படத்தில் சோபாவில் இருப்பார், அடுத்ததில் வாசலில் இருப்பார், தைத்து முடித்தால் இரண்டு பேர். அதனால் படம் எடுக்கும்போது நான் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசுவேன். "அசையாதீங்க, இல்லன்னா வெளிய போங்க" என்பேன். ஏஜெண்டுகள் என்னை டீச்சர் என்று கிண்டல் செய்வார்கள். செய்துகொள்ளட்டும்.

கொரோனா நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் ஒரு நாள் காலையில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. அண்ணன் சிங்கப்பூரில் இருந்தார். முன்பெல்லாம் விடியுமுன்னே மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் தாண்டி வேலைக்குப் போய், ராத்திரி வீடு திரும்பிவிடுவார். எல்லையை அடைக்கப் போகிறார்கள் என்றதும், ரெண்டு வாரம்தானே என்று ஒரு பையில் நாலு சட்டையோடு அங்கேயே தங்கினார். அந்த ரெண்டு வாரம் மாதக்கணக்கில் நீண்டது. எங்கள் வீட்டிலிருந்து அவர் இருந்த அறைக்கு, சாலையில் நெரிசல் இல்லையென்றால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அதை நினைக்க நினைக்க எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

மறுநாள் பகல் இரண்டு மணிக்குச் சவ வண்டி வரும் என்று முடிவானது. கொள்ளி சித்தப்பா வைப்பார். காலையிலிருந்து அண்ணனுக்கு வீடியோ காலில் காட்டிக்கொண்டிருந்தோம். ஒரு சமயம் சித்தப்பா போனைப் பிடித்தார், ஒரு சமயம் நான். படம் நின்று நின்று வந்தது. கடைசியில் அண்ணன் கேமராவை அணைத்துவிட்டு என்னிடம் தனியாகப் பேசினார்.

"பாப்பா, நீ வீடு விக்கிறதுக்கு எடுப்பியே, அந்த மாதிரி எடுத்து அனுப்பு லா. அவங்க அவங்க காட்டுறத பாத்து பாத்து எனக்குப் பைத்தியம் புடிக்குது. நான் அங்க நிக்கணும். நானா திரும்பி அப்பா முகத்தப் பாக்கணும். தூக்குறதுக்கு முன்ன அவர் கால்ல நான் விழணும். வேற ஒண்ணும் கேக்கல."

எனக்கு நாற்பது வயதாகியும் அவருக்கு நான் பாப்பாதான். மணி பன்னிரண்டரை தாண்டிவிட்டது. டிரைபாடைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு வந்தேன். அனுமதித்த அளவுக்குத்தான் ஆட்கள் இருந்தார்கள். எல்லாரையும் வெளியே போகச் சொன்னேன். அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா மட்டும் அசையவில்லை.

"நான் எங்கடி போறது?"

"சரி, அங்கயே இருங்கம்மா. ஆனா அசையாதீங்க. அண்ணன் இந்தக் கண்ணாடி வழியாத்தான் பாப்பாரு" என்றேன்.

அப்பாவைக் கிடத்தியிருந்த பெட்டிக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் டிரைபாடை வைத்தேன். அவ்வளவு கிட்டத்தில் வைக்கக் கூடாது. ஒரு கண்ணை மூடி மறு கண்ணைத் திறந்தால் மூக்குக்கு முன்னால் இருக்கிற கட்டைவிரல் இடம் மாறுமே, அதுபோலக் கிட்டத்தில் இருப்பது படத்துக்குப் படம் தாவும். தையல் சேராது. தெரிந்தும் வைத்தேன். அண்ணன் வந்திருந்தால் எட்டியா நின்றிருப்பார்?

முதல் படம் தலைமாட்டுப் பக்கம், அடுத்தது கால்மாட்டுப் பக்கம், மற்றவை சுவர்ப் பக்கங்களும் கூரையும். ஒவ்வொன்றுக்கும் கேமராவைத் திருப்பிவிட்டு, அதற்குப் பின்னால் குனிந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். எப்போதும் ஆட்களைத்தான் கவனிப்பேன். அன்றைக்கு நிமிர்ந்து பார்க்கத் தெம்பில்லை. அப்பா அங்கே கிடந்தார்.

உள் அறையில் இஸ்திரி மேஜைமேல் லேப்டாப்பை வைத்துத் தைக்க உட்கார்ந்தேன். நினைத்தபடியே தையல் அப்பாவின் கைமேல் விழுந்திருந்தது. மார்பின்மேல் கோத்திருந்த கைகளில் விரல்கள் இரட்டையாகத் தெரிந்தன. "சனியனே, இந்தக் கையிலயா உன் வேலையக் காட்டுவ?" என்று கம்ப்யூட்டரைத் திட்டினேன். தையலை இழுத்துக் காலுக்கும் கைக்கும் நடுவில் வேட்டிமேல் தள்ளினேன். விரல்கள் பத்தாயின. அப்புறம்தான் முழுப் படத்தையும் சுற்றிப் பார்த்தேன்.

அம்மா இரண்டு இடத்தில் இருந்தார். தலைமாட்டில் உட்கார்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்துக் குனிந்திருந்தார். கால்மாட்டில், கட்டைவிரல்கள் சேர்த்துக் கட்டிய பாதங்களுக்குப் பின்னால், எழுந்து நின்று லென்ஸை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அலமாக், இத்தனை சொல்லியும் நகர்ந்திருக்கிறார் என்று கோபம் வந்தது. மறுபடி எடுக்க நேரமில்லை. ஹாலில் சடங்கு தொடங்கிவிட்டது. ஆனால் அழிப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. வேண்டாத ஆள்மேல் சிவப்பு பூசினால், அந்த இடத்துக்கு அடுத்த படத்திலிருந்து சுவரை எடுத்துப் போட்டுக்கொள்ளும். கால்மாட்டில் நின்ற அம்மாமேல் பூசினேன். அம்மா போய்விட்டார். அந்த இடத்தில் சுவரும் நாள்காட்டியும் வந்தன. ஒரு குறை சொல்ல முடியாத படம்.

அண்ணனிடமிருந்து மெசேஜ் வந்தது. "ஆச்சா?"

வாசலில் வண்டி பின்னுக்கு வரும் சத்தம் கேட்டது. நான் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆயிரம் ஆட்களை அழித்திருக்கிறேன். வேலைக்காரர்கள், ஏஜெண்டுகள், என்னுடைய நிழல், எதையும் விட்டதில்லை. அம்மாவை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. பூசியதை எடுத்தேன். அம்மா திரும்பி வந்து நின்றார். அண்ணன் என்ன சொன்னாலும் சொல்லட்டும் என்று அப்படியே அனுப்பிவிட்டு ஹாலுக்குப் போனேன்.

"அண்ணன் பாக்கணும், கொஞ்சம் பொறுங்க" என்றேன். சித்தப்பா கடிகாரத்தைப் பார்த்தார். வண்டிக்காரர் வாசலில் நின்றார். நான் போனைத் திறந்து திறந்து பார்த்தேன். படம் திறக்காவிட்டால்? அவர் விழுவதற்கு முன்னால் தூக்கிவிட்டால்?

கொஞ்ச நேரம் கழித்து போன் அதிர்ந்தது. "விழுந்துட்டேன். தூக்கச் சொல்லு."

எல்லாம் முடிந்து குளித்துவிட்டு வந்தபோது சாயங்காலம். அண்ணன் கூப்பிட்டார்.

"படத்துல அம்மா ரெண்டு பேரு இருக்காங்க, பாப்பா."

"நேரம் இல்லண்ணே. அழிச்சிருப்பேன்" என்று பொய் சொன்னேன்.

"நல்லவேளை. நாற்காலி மேல போனை நிறுத்தி வச்சி, அப்பா கால் பக்கம் திருப்பி வச்சி விழுந்தேன். எந்திரிச்சி பாத்தா, எதிர்ல அம்மா நிக்கிறாங்க. என்னையே பாக்குறாங்க. அது வரைக்கும் எனக்கு அழுகையே வரல, பாப்பா." இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு அழுதோம்.

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். போனை வைத்ததும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அசையாதீங்கன்னு சொன்னேனேம்மா, ஏன் எந்திரிச்சிப் போனீங்க?"

"அவன் அந்தக் கண்ணாடில பாக்குறான்னு சொன்னியே. புள்ள அங்க ஒத்தையா நிக்கிறானேன்னுதான், எதிர்ல போயி நின்னேன்." என் பக்கம் திரும்பினார். "என்னையப் பாத்தானா?"

"பாத்தாரும்மா. நல்லா பாத்தாரு."

முந்தின நாள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல் இருந்த அம்மா தலையை ஆட்டிக்கொண்டார். அப்புறம், "அப்படின்னா கொஞ்சம் கஞ்சி குடு" என்றார்.