ஊசிக்காரர் ஏறுகிறார்

நேற்று மாலை ஐந்தரை மணிக்கு எனக்கு உதறல் ஆரம்பித்தது. கல்லூரித் தோழிகளோடு பச்சைமலைக்குப் போன மகள் துறையூர் பஸ்ஸில் திரும்பிவிடுவதாகச் சொல்லியிருந்தாள். பஸ் வந்தது, அவள் வரவில்லை.

"வாசல்லயே நின்னா வந்துடுவாளா? உள்ள வாங்க" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு அவளும் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

அது எனக்குத் தெரிந்த மலை என்பதுதான் கஷ்டம். இருபது வருஷத்துக்கு முன், ஐம்பதுகளின் தொடக்கத்தில், அம்மை குத்தும் வேலைக்காக ஏறி இறங்கியவன் நான். அப்போது ரோடு கிடையாது. மூங்கில் புதருக்குள் நுழைந்து, ஓடையைத் தாண்டி, மிதித்தால் எலுமிச்சை மணக்கும் புல்லுக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதைதான். இன்றைக்கும் வீட்டில் எலுமிச்சம்பழம் நறுக்கினால் எனக்கு மூச்சு வாங்குகிறது.

நான் ஏறத் தொடங்கியதும் அடிவாரத்திலிருந்து ஒரு குரல் கிளம்பும்: "ஊசிக்காரரு வர்றாரூ..!" மேலே ஒரு குரல் அதை வாங்கி அடுத்த சரிவுக்கு அனுப்பும். என்ன மரியாதை என்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு நடப்பேன். ஊருக்குள் போனால் ஒரு குழந்தை இருக்காது. எல்லாம் மரவள்ளிக் காட்டுக்குள் ஒளிந்திருக்கும். அது கட்டியம் இல்லை, எச்சரிக்கை என்று எனக்குப் புரியவே சில மாதங்கள் ஆயின.

ஒரு மழைநாளில் வழுக்கி விழுந்து, கணுக்கால் பிசகி, பாறையடியில் உட்கார்ந்துவிட்டேன். இருட்டுவதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள். குரல் வந்தும் ஆள் வரவில்லையே என்று தேடியிருக்கிறார்கள். முந்தின தடவை என்னைக் கண்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவரே எனக்குத் தோள் கொடுத்தார்.

"வூட்ல சாமைச்சோறு இருக்கு, வாங்க. ஊசிய மட்டும் வெளிய எடுத்துடாதீங்க!"

நேற்று வாசலில் நின்றபோது இதுதான் திரும்பத் திரும்ப வந்தது. என் மகள் மலை ஏறியதை மேலே யாருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

எட்டு மணிக்கு வந்தாள். பழைய ஒற்றையடிப் பாதையில் இறங்கி வழி தவறிவிட்டார்களாம். முழங்கையில் சிராய்ப்பு, புடவை ஓரமெல்லாம் முள். அவள் அம்மா தண்ணீர் கொண்டுவந்தாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"வழி தெரியலன்னா யார்கிட்டயாவது கேக்கறதுதானே?"

"கேக்க ஆளு இருந்தாத்தானேப்பா? எல்லாரும் புது ரோட்டுப் பக்கம் வீடு கட்டிப் போயிட்டாங்களாம். பாதையில ஒருத்தருமில்ல. சத்தம் போட்டுக் கூப்பிட்டுக்கூடப் பாத்தோம்."

தண்ணீரைக் குடித்து முடித்தாள்.

"எங்க சத்தந்தான் எங்களுக்கே திரும்பி வந்துச்சு."