கைராசிக்கு ஒரு வரைபடம்

நான் கால் வைத்த வருஷம்தான் இந்த வீட்டுக் கரிசல் காட்டில் மழை பொய்த்ததாம். இதைக் கண்டுபிடித்துச் சொன்னவள் என் கணவரின் அக்கா. அடுத்த தெருவில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் முதல் ஆளாக இங்கே வந்து நிற்பாள். நேரில் "வாங்க மதினி" என்று மரியாதையாகத்தான் கூப்பிடுவேன். எழுதும்போது அவ்வளவு மரியாதை வருவதில்லை.

எங்கள் பக்கம் புரட்டாசியில், மழைக்கு முன்பே, புழுதியில் விதைத்துவிடுவோம். முதல் கை உளுந்தை வீட்டுப் பெண் ஒருத்தி போட வேண்டும். அவள் கைராசிக்காரியாக இருக்க வேண்டும். மருமகள் வந்துவிட்டால் அது மருமகளின் உரிமை. எனக்கு மட்டும் கிடைக்கவில்லை. வருஷா வருஷம் மதினி விதைப்பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி சொல்லுவாள்: "ஏட்டி, நீ உள்ள இரு. பெட்டியத் தொட்டுறாத." கல்யாண வீடுகளில்கூட என்னைக் காட்டி, "இவதான் மழைய வெரட்டினவ" என்று சிரிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கோவில்பட்டியில் ஒரு கல்லூரியில் நான் புள்ளியியல் நடத்துகிறேன். அந்தத் தைரியத்தில் முதலில் நேர்மையாகத்தான் போனேன். மழைக் கணக்கை இணையத்தில் எடுத்து வரைபடமாக்கி, என் கல்யாண வருஷத்தில் ஒரு கோடு கிழித்தேன். கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மழை ஒரே மாதிரிதான் ஏறி இறங்கியிருந்தது. ஃபோனில் மாமியாரிடம் காட்டினேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதற்குள் மதினி முந்திக்கொண்டாள்.

"அது கவர்மெண்டு மழைம்மா. நம்ம காட்டுல பெஞ்சது இவளுக்கு எப்படித் தெரியும்?"

மாமியாரும் தலையை ஆட்டினார். இனி நேர்மை கிடையாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

இந்த வருஷம் விதைப்பு நாள் காலையில் வாசலை அடைத்துக் கோலம் போட்டேன். எங்கள் காட்டில் விளைச்சல் கெட்ட வருஷங்களை மாமனாரிடம் கேட்டு வைத்திருந்தேன். ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு சிவப்புத் தூண். எவ்வளவு கெட்டதோ அவ்வளவு உயரம். ஒவ்வொரு தூணின் அடியிலும் வளையல் போட்ட ஒரு கை. நன்றாக விளைந்த வருஷங்களைப் போடவே இல்லை. அவற்றிலும் முதல் கை மதினியுடையதுதான். என் மாணவி ஒருத்தி இப்படி வரைந்திருந்தால் பூஜ்யம் போட்டிருப்பேன். ஆனால் மதினி இத்தனை வருஷம் நாக்கால் செய்ததும் இதேதானே.

"இது என்ன கை?" என்று மாமியார் கேட்டார்.

"தூணு எல்லாம் வெளைச்சல் கெட்ட வருசம். அடியில அந்தந்த வருசம் மொத விதை போட்ட கை, அத்தை."

மாமியார் ஒவ்வொரு தூணாகப் பார்த்தார். பிறகு, விதைப்பெட்டியோடு படியிறங்கி வந்த மகளின் கையைப் பார்த்தார். மதினிக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"சும்மா கிறுக்கி வச்சிருக்காம்மா" என்றாள். குரல் தெருவுக்குக் கேட்கவில்லை. எனக்கு வயிறு குளிர்ந்தது. பாவமாக இருந்ததா என்றால், துளிகூட இல்லை.

"நீ இங்கனயே இரு" என்று மகளிடம் சொல்லிவிட்டு, மாமியார் பெட்டியை வாங்கி என் கையில் கொடுத்தார். நான் கிளம்பும்போது கோலத்தின் ஓரத்தைக் காட்டினார்.

"இதுல இன்னொரு தூணுக்கு எடம் விட்டு வையி. அதுக்கடியில உன் கையப் போடு. வெளையுதான்னு பாப்போம்."

அதைக் கேட்டதும் மதினியின் முகம் தெளிந்தது. அன்று அவள் சிரித்தது அப்போதுதான்.

முதல் கை உளுந்தை நான்தான் போட்டேன். ஐப்பசி பிறந்துவிட்டது, விதை இன்னும் புழுதியில் கிடக்கிறது. தினமும் சாயங்காலம் மதினி வருகிறாள். வாசலில் நின்று வானத்தைப் பார்க்கிறாள். அப்புறம் என்னைப் பார்க்கிறாள்.