பழையதை இறக்கு, புதியதை ஏற்று

செய்தித்தாளை லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டுதான் படிக்கிறார் சுவாமிதாஸ் மேஸ்திரி. கீழே ஒரு சாக்கு, தலைக்கு மடித்துவைத்த பழைய டியூப், முகத்துக்கு மேலே பேப்பர். அமரவிளை சாலையில் போகிறவர்களுக்குத் தெரிவது அவருடைய இரண்டு கால்கள் மட்டும். தமிழ், மலையாள எல்லைப் பிரச்சினை பற்றி ஏதாவது வந்திருந்தால் வலது குதிகால் மண்ணை உதைக்கும். இந்தப் பக்கத்தில் தமிழர்களே கிடையாது என்று யாராவது பெரிய மனிதர் பேசியிருந்தால் இரண்டு குதிகாலும் உதைக்கும். எதிரே மருந்துக்கடை வைத்திருக்கும் நான் பேப்பர் வாங்குவதை நிறுத்திப் பல நாளாயிற்று. அந்தக் கால்களைப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும்.

"அப்பம் நாங்க யாராக்கும்?" என்று லாரிக்கு அடியிலிருந்து குரல் வரும். "எனக்க அம்மெ என்னெ எந்தப் பாஷையில தாலாட்டினா? லாரி ஹாரன்லயா?"

ஐம்பது வயது. யுத்தகாலத்தில் ராணுவ ஒர்க்‌ஷாப்பில் ஐந்து வருஷம் இருந்தவர். அங்கே கொடுத்த காக்கி அரைக்கால் சட்டைகளையே இன்னும் மாற்றி மாற்றிப் போடுகிறார். இடது புருவம் கிடையாது. கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியை யாரோ அவசரப்பட்டுத் திறந்ததில் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை பாறசாலை மிஷன் சபைக்கு வெளுத்த வேட்டியில் போவார். நற்கருணைக் கோப்பையை வாங்கும்போது மட்டும் நகங்களின் கறுப்பு தெரியாதபடி விரல்களை மடக்கிக்கொள்வார்.

வண்டியில் சத்தம் வருகிறது என்று யாராவது சொன்னால் போதாது. அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டவேண்டும். "வண்டி பேசுதத நீரு பேசும். அதுக்கப் பொறவுதான் நான் தொடுவேன்." மானத்துக்கு அஞ்சுகிற ஒரு தலைமையாசிரியர் நடுச்சாலையில் நின்று ஆடு போலக் கனைத்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மேஸ்திரி சிரிக்கவில்லை. கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "பின்னச்சில பல்லு ஒண்ணு போச்சு" என்றார். பின் அச்சைத் திறந்து பார்த்தபோது போயிருந்தது ஒரே ஒரு பல்தான்.

செங்கல் ஊரைச் சேர்ந்த விஜயதாஸின் லாரி அவரிடம் வந்தபோது அதனால் சத்தம் போடவே முடியவில்லை. மூன்று டன் இழுக்கும் பழைய ராணுவ லாரி, எட்டு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். தமிழர் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கவேண்டும் என்ற கிளர்ச்சி உச்சத்தில் இருந்த ஐம்பத்துநாலாம் வருஷம், ஊர்வலத்துக்குப் போக நின்றவர்களை விஜயதாஸ் அந்த லாரியில் ஏற்றிக்கொண்டு போனான். திரும்பும் வழியில் போலீஸ் மறித்தது. லாரியைப் பறித்துக்கொண்டார்கள். அவனைக் கீழே இறக்கி, இடது முழங்காலில் தடியால் அடித்தார்கள். இடது காலை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. மேஸ்திரி தெரியும் என்கிறார். "கிளச்சு சவிட்டுதது எடது காலாக்கும்." லாரிக்காரனுக்கு அந்த மிதிக்கிற கால்தானே பிழைப்பு.

லாரி ஒன்றேகால் வருஷம் ஒரு மதில் ஓரத்தில் மழையில் கிடந்தது. விட்டுக் கொடுத்தபோது கார்புரேட்டர் இல்லை, எஞ்சினுக்குள் தண்ணீர், இருக்கையில் கோழி அடைகாத்த அடையாளம். காளைகளைப் பூட்டி இழுத்துவந்தார்கள். விஜயதாஸ் பின்னால் கம்பூன்றி நடந்துவந்தான். அவன் மனைவி ராஜபாய் காளைகளுக்கு முன்னால் வந்தாள்.

மேஸ்திரி லாரியைச் சுற்றி வந்தார். எஞ்சின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மெல்ல மூடினார். பிறகு, "சவத்துக்குக்கூட இதவிட மரியாதி குடுப்பாங்களே" என்றார். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.

"நீரு என்ன செய்தாலும் இனி ஓட்டுதது யாரு மேஸ்திரி?" என்றான் விஜயதாஸ். "இந்தக் காலு கிளச்சு சவிட்டாது."

"காலெ மாத்த எனக்குத் தெரியாது மக்கா. கிளச்செ மாத்தலாம்."

அன்றைக்கே திட்டம் தொடங்கியது. அவர் திட்டம் எழுதுவது காகிதத்தில் இல்லை. கொட்டகையின் சுண்ணாம்புச் சுவரில், அடுப்புக்கரியால். பழைய பெட்ரோல் எஞ்சினை எடுத்துவிட்டு ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின் வைப்பது. திருநெல்வேலியில் கவிழ்ந்துபோன ஒரு பஸ்ஸின் எஞ்சின் அதற்கு அகப்பட்டது. டீசல் எஞ்சின் கனம் கூடியது. ஆகவே முன்பக்க ஸ்பிரிங் வில்லுக்கு இரண்டு பட்டை கூடுதல். அது மெதுவாகச் சுற்றுவது. ஆகவே பின் அச்சில் வேறு பல்சக்கரம். எஞ்சினையும் கியர்பெட்டியையும் சேர்க்க ஒரு அங்குலக் கனத்தில் இரும்புத் தகடு. மரச்சீனிக் கிழங்கும் ரப்பர் ஷீட்டும் ஏற்றிக்கொண்டு ஆரியங்கோடு மேட்டை முதல் கியரில் முனகி ஏறிய லாரி, இனி இரண்டாம் கியரில் ஏறவேண்டும். அதுதான் அவருடைய குறி.

அதற்கு டீசல் பாய்ச்சும் பம்பைத் திருகிவிட்டால் போதுமே என்று, அரைகுறையாகக் கேட்டதை வைத்து நான் ஒருநாள் சொன்னேன்.

"கூடுதல் எண்ணெ குடிச்சா கரும்பொகெ துப்பும். அது பெலமில்ல, அசீரணமாக்கும்" என்றார். காற்று உள்ளே போகும் வழிகளை அரமும் உப்புத்தாளும் கொண்டு பதினோரு நாள் தேய்த்தார். விரலை விட்டுத் தடவிப் பார்ப்பார், மறுபடி தேய்ப்பார். என் கடையிலிருந்து போன களிம்பெல்லாம் அந்த விரல்களுக்குத்தான்.

எல்லோரும் மறக்கிற ஒன்றை அவர் மறக்கவில்லை. பெட்ரோல் எஞ்சின் மூச்சிழுக்கும் வேகம்தான் அந்த லாரியின் பிரேக்குக்குத் துணைசெய்வது. டீசலில் அந்த இழுப்புக் கிடையாது. எஞ்சினை மட்டும் மாற்றினால் மேடு ஏறிய லாரி இறக்கத்தில் நிற்காது. அதற்கென்று காற்றை உறிஞ்சும் பம்பு ஒன்றைத் தனியாகச் செய்து, பெல்ட்டில் ஓடும்படி எஞ்சின் பக்கத்தில் பொருத்தினார். "ஓடுததுக்கு எல்லாவனும் பிளான் போடுவான். நிக்கியதுக்கு யாரு போடுவான்?"

சுவரில் அவர் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது இது:

பழையதை இறக்கு. புதியதை ஏற்று. முன்பக்கம் தாங்காது, பட்டை கூட்டு. அடக்கும் சக்தி போதாது.

ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு போலீஸ்காரர்கள் சாலையிலிருந்து அதைப் பார்த்துவிட்டார்கள். அவர்களில் ஒருவருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியும். பழையது யார், புதியது யார், யாருக்கு அடக்கும் சக்தி போதாது என்று கேட்டார்கள்.

"பழையது எட்டு சிலிண்டர். புதியது ஆறு சிலிண்டர். அடங்காதது பிரேக்கு" என்றார் மேஸ்திரி.

அவர்கள் நம்பவில்லை. சுவர் முழுவதையும் அவர் கையாலேயே சுண்ணாம்பு அடிக்கவைத்து, காயும்வரை காவல் நின்றார்கள். மூன்று மாதக் கணிப்பு, அளவுகள், படங்கள் எல்லாம் வெள்ளைக்குள் போயின. தமிழ் எழுத்து நாலு சேர்ந்திருந்தால் அது கலகமாகத்தான் இருக்கவேண்டும் என்று நினைக்கிற புத்தியை என்னவென்று சொல்வது? மேஸ்திரி சுண்ணாம்பு மட்டையைக் கழுவி வைத்தார். மறுநாள் காலையில் சுவரில் அதே வாசகங்கள், ஒவ்வோர் எழுத்தும் ஒரு சாண் உயரத்தில். அடியில் ஒரு வரி கூடுதல்: மேற்படி யாவும் லாரியைப் பற்றியது.

போன நவம்பர் முதல் தேதி புது எல்லை நடப்புக்கு வந்தது. தெற்கே நான்கு தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்துக்குப் போயின. எங்கள் நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. புது எல்லையான களியக்காவிளைக்கு அப்பால் வெடி போட்டுக் கொண்டாடினார்கள். இங்கே வரைக்கும் கேட்டது. மேஸ்திரி அன்று பேப்பர் படிக்கவில்லை. கிளச்சு மிதிக்கு இரட்டை நெம்புகோல் பொருத்திக்கொண்டிருந்தார். முன்பு உடம்பின் பாரத்தைப் போட்டு அழுத்தவேண்டிய மிதி, இப்போது உள்ளங்கையால் தள்ளினாலே இறங்கியது. விஜயதாஸை ஏற்றி உட்காரவைத்தார். அவன் அழுத்தினான், விட்டான், மறுபடி அழுத்தினான். இறங்கச் சொன்னபோது இறங்கவில்லை.

லாரி தயார். ஆனால் எஞ்சின் மாறியதைப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றினால்தான் சாலையில் ஓடலாம். செய்த வேலைகளை மேஸ்திரி தமிழில் நாலு பக்கம் எழுதிக்கொடுத்தார். வண்டிப் பதிவு ஆபீஸ் திருப்பி அனுப்பியது. மலையாளத்தில் எழுதவேண்டுமாம். மறுபடி தமிழில் அனுப்பினார், மறுபடி வந்தது. மிஷன் பள்ளியில் மலையாளம் படித்த ராஜபாய் தானே பெயர்த்து எழுதிக்கொண்டு போனாள். வேலை செய்தவன் கைப்பட எழுதியதுதான் வேண்டும் என்று அதையும் தள்ளிவிட்டார்கள்.

அவள் நேரே கொட்டகைக்கு வந்தாள். அவள் குரல் கேட்டு நானும் சாலையைக் கடந்து போனேன்.

"மேஸ்திரி, நீரு மலையாளம் எங்களவிட நல்லா பேசுவீரே. வாயில வாறது கையில வராதா?"

"வரும். எழுதமாட்டேன்."

"உமக்க ரோசத்துக்கு எனக்க லாரியா கெடச்சு? ஒண்ணரை மாசமா அது இங்க சும்மா நிக்குது."

"மோளே, நாட்டெக் கொண்டு போனானுவ. இப்பம் எழுத்தையும் குடுண்ணு கேக்கியானுவ. நான் எங்ஙன குடுப்பேன்?"

"அடி வாங்கினது நீரா, எனக்க மாப்பிளெயா? ரெண்டு வருசமா அவரு வீட்டுக்குள்ளேயே கெடக்கியாரு. அண்ணைக்கு உம்ம கிளச்செ சவிட்டின பொறவுதான் ரெண்டு வாய் சோறு சோறாத் தின்னாரு. அவரெ மறுபடி வெளிய கொண்டு வந்திட்டு, நீரே வாசல அடைக்கியீரு!"

ஆபீஸின் மேல் எனக்கு இருந்த கோபம் கொஞ்சமும் குறையவில்லை. ஆனாலும் அன்றைக்கு நியாயம் ராஜபாயின் பக்கம்தான் இருந்தது. அதை நான் சொல்லவும் சொன்னேன். மேஸ்திரி என்னை முறைத்துவிட்டு லாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். கால்கள் அசையவில்லை.

அடுத்த இரண்டு பகலும் அவர் ஒரு ஸ்பேனரைத் தொடவில்லை. கடைத்தெருவில் வரைபடத் தாள் வாங்கிவந்தார். மூன்றாம் நாள் ராஜபாயின் கையில் கொடுத்தார். எஞ்சின், தகடு, வில், பல்சக்கரம், பம்பு, நெம்புகோல் எல்லாம் மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் வரையப்பட்டிருந்தன. அம்புக்குறிகள், அங்குல அளவுகள், எண்கள். எந்த மொழியிலும் ஒரு சொல் இல்லை.

"கேட்டதுக்கெல்லாம் பதில் உண்டு. பாஷெதான் இல்ல. எனக்க பேரு மட்டும் எனக்க எழுத்தில கெடக்கட்டும்."

குமாஸ்தா அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். தள்ளுவதற்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை. கடைசியில் முத்திரை வைத்துச் சோதனைக்குத் தேதி கொடுத்தார்.

தை மாதத்தில் சோதனை. இளவயது இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். வேலை தெரிந்தவர், அதை மறுப்பதற்கில்லை. மூன்று டன் மரச்சீனி ஏற்றச் சொல்லி, ஆரியங்கோடு மேட்டுக்கு விடச் சொன்னார். விஜயதாஸ் ஓட்டினான். அவன் பக்கத்தில் இன்ஸ்பெக்டர். பின்னால் மரச்சீனி மூட்டைகளின் மேல் மேஸ்திரியும் ராஜபாயும் நானும். மேஸ்திரி கண்ணை மூடிக்கொண்டார். மேடு தொடங்கியதும் கியர் மாறும் சத்தம் கேட்டது. இரண்டாம் கியர். அதற்குக் கீழே இறங்கவில்லை. லாரி சீராக, ஒரே குரலில் ஏறியது. பின்னால் திரும்பிப் பார்த்தேன். கரும்புகை இல்லை.

நடு மேட்டில் இன்ஸ்பெக்டர் நிறுத்தச் சொன்னார். நின்றது. எடுக்கச் சொன்னார். ராஜபாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தது அவளுக்கே தெரிந்திருக்காது. எல்லாம் அந்த இடது முழங்காலில் இருந்தது. லாரி ஓர் அங்குலம்கூடப் பின்னால் உருளாமல் முன்னே நகர்ந்தது. திரும்பும்போது இறக்கத்தின் வேகத்தில், சொல்லாமல் கொள்ளாமல், "நிர்த்து!" என்று இன்ஸ்பெக்டர் கத்தினார். மூட்டைகளெல்லாம் முன்னால் சரிந்து எங்களை நெருக்கின. லாரி அந்த இடத்திலேயே நின்றது.

கொட்டகைக்குத் திரும்பியதும் இன்ஸ்பெக்டர் மண்டியிட்டுக் கிளச்சு மிதியைக் கையால் அழுத்திப் பார்த்தார். பம்பைத் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "இத்ர நல்ல பணி அறியாவுன்ன ஆளு," என்று மனம் நிறைந்து தொடங்கியவர், "எந்தினாடோ ஈ பாண்டிகளுடெ கூடெ நடக்குன்னது?" என்று முடித்தார். இவ்வளவு தெரிந்தவன் அந்தப் பாண்டிப் பயல்களோடு ஏன் திரிகிறாய் என்று அர்த்தம். தமிழரை இழிவாகச் சொல்ல இங்கே சிலர் வழங்கும் சொல் அது. விஜயதாஸ் கம்பை இறுகப் பிடித்தான். நான் மேஸ்திரியைப் பார்த்தேன். அவர் ஓரமாகப் போய் மண்ணெண்ணெய் விட்டுக் கைகளைத் தேய்த்தார், பிறகு சோப்பு, பிறகு தண்ணீர். நகக்கண் வரைக்கும் வெளுக்கத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

இன்ஸ்பெக்டர் கையெழுத்திட்டார். முத்திரை வைத்தார். தாளை ராஜபாயிடம் நீட்டினார். அவள் அதை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

பிறகு அவர் சிரித்தபடி மேஸ்திரியின் முன்னால் வந்து வலது கையை நீட்டினார்.

மேஸ்திரி முதலில் ராஜபாயைப் பார்த்தார். தாள் பத்திரமாக இருந்தது. அப்புறம் குனிந்து, பக்கத்திலிருந்த கழிவெண்ணெய்த் தகரத்துக்குள் தன் சுத்தமான வலது கையை மணிக்கட்டுவரை அமிழ்த்தி, சொட்டச் சொட்ட வெளியே எடுத்துக் காட்டினார்.

"கையில அழுக்காக்கும், சாரே."