சங்கிலிக்கு இரண்டு ஊக்கு

தனிமனிதப் பாதுகாப்பு பற்றி நான் மேடையேறிப் பேசியிருக்கிறேன். அதற்கு முந்தின வாரம்தான் என் சைக்கிள் களவு போயிருந்தது. பூட்டித்தான் வைத்திருந்தேன், சாவி பூட்டிலேயே தொங்கியது. திருடன் சைக்கிளோடு பூட்டையும் சாவியையும் சேர்த்தே கொண்டுபோய்விட்டதால், என் மடத்தனத்துக்கு ஊரில் சாட்சியம் இல்லாமல் போயிற்று. அந்தத் தைரியத்தில்தான் மைக்கைப் பிடித்தேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மலேசியாவில் மலாக்கா டவுனில் ஒரு தனியார் கல்லூரி. கீழே டயர் கடை, மாடியில் நாங்கள். சுற்று வட்டார ரப்பர், செம்பனைத் தோட்டங்களிலிருந்து பஸ் பிடித்து வந்த பிள்ளைகள்தான் பாதிப் பேர். பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிளில் வந்து சங்கிலி அறுப்பது அப்போது சாதாரணமாகிக் கொண்டிருந்தது. கல்லூரி நிர்வாகம் ஒரு கூட்டம் போடச் சொன்னது. பேச வருவதாக இருந்த போலீஸ்காரர் வேலை வந்துவிட்டது என்று சொல்லி அனுப்பினார். தமிழ்க் கழகச் செயலாளர் என்ற முறையில் பாரம் என் தலையில் விழுந்தது.

வாகனங்களை எதிர்நோக்கி நடங்கள், பையைச் சுவர்ப் பக்கம் மாட்டுங்கள், தனியாகப் போகாதீர்கள் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். சங்கிலி போட்டு வராதீர்கள் என்றேன். ஒரு தலையும் ஆடவில்லை.

“வெறுங்கழுத்தோட வாசப்படி தாண்ட விடமாட்டாங்கண்ணே,” என்றாள் முன்வரிசையில் ஒருத்தி. “எங்கம்மா மூளின்னு திட்டும்.”

“சங்கிலி இல்லன்னா இங்கயும் மதிக்க மாட்டாங்க லா,” என்று எங்கள் ஊர் ‘லா’வோடு இன்னொரு குரல்.

உண்மைதான். தோட்டத்தில் ஒரு பெண் வயசுக்கு வந்ததும் கழுத்தில் ஏறுகிற சங்கிலி பிறகு இறங்குவதில்லை. அதுவும் டவுனுக்குப் படிக்கப் போகிற பெண் என்றால், நம்மை யாரும் இளக்காரமாகப் பார்த்துவிடக் கூடாது என்று துடைத்து மினுக்கி அனுப்புவார்கள். திருடனுக்கும் அந்த மினுமினுப்பு தூரத்திலிருந்தே தெரியும்.

கூட்டம் கைவிட்டுப் போகிறது என்று பட்டதும் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: “சரி, போடுங்க. ஆனா உள்பக்கமா ரெண்டு ஊக்கு வச்சு சட்டையோட சேத்துக் குத்திக்கிடுங்க. இழுத்தாலும் வராது.” கைதட்டல் எழுந்தது. யாரும் எதையும் இழக்க வேண்டாத யோசனைக்குத்தான் அப்படிக் கைதட்டுவார்கள் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று நினைத்துப் பூரித்துப் போனேன்.

என் வகுப்புக்குக் கீழ் வகுப்பில் ஒரு பெண் படித்தாள். லூபோக் சீனா என்ற சிற்றூருக்குப் பக்கத்துத் தோட்டம். அப்பா செம்பனைப் பழ லாரி ஓட்டுபவர். அவர்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண் அவள். அப்பா ஒரு நிபந்தனையோடுதான் அனுப்பியிருந்தார்: “ஏதாச்சும் ஒன்னுன்னு காதுல விழுந்துச்சு, அன்னியோட படிப்பு முடிஞ்சிச்சு.” அதை அவளே சிரித்துக்கொண்டு எல்லாரிடமும் சொல்வாள். ‘ஒன்னு’ என்றால் என்ன என்று கேட்டால், “அது அவருக்கே தெரியாதுண்ணே,” என்பாள்.

கூட்டம் முடிந்து கொஞ்ச நாள் இருக்கும். மத்தியான வெயில். பஸ் நிலையத்துக்குப் போகும் வழியில் எனக்குச் சற்று முன்னால் அவள் நடந்து போய்க்கொண்டிருந்தாள். அஞ்சடி நடைபாதையை ஒரு மளிகைக் கடைக்காரர் மூட்டைகளால் அடைத்திருந்தார். அவள் சாலையில் இறங்கினாள். பின்னாலிருந்து வந்த மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர். பின்னால் உட்கார்ந்திருந்தவன் கை நீட்டினான்.

சாதாரணமாக இது ஒரு நொடி வேலை. சங்கிலி அறும், வண்டி பறக்கும், பெண் கழுத்தைத் தடவிக்கொண்டு அழுவாள். அன்றைக்குச் சங்கிலி வரவில்லை. ஊக்கு விடவில்லை. அவன் விடவில்லை. சட்டையோடு சேர்ந்து அவளும் போனாள். தாரில் அவள் செருப்பு தேய்ந்த சத்தம் கேட்டது. பிறகு செருப்பு இல்லாமல் தேய்ந்த சத்தம்.

நான் கத்தினேன் என்று பல வருஷம் பலரிடம் சொல்லியிருக்கிறேன். கத்தவில்லை. கையில் பிளாஸ்டிக் பையில் சிராப் சர்பத் இருந்தது. அது சிந்தாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். மூட்டை அடுக்கியிருந்த கடையின் சீன அம்மாதான் முதலில் ஓடி வந்தாள்.

சங்கிலி கடைசியில் அறுந்து போய்விட்டது. ஊக்கில் விரல்கடை நீளத்துக்கு ஒரு துண்டு மட்டும் மிச்சம். ஒரு பக்கக் கன்னத்தில் தோல் இல்லை. தோள்பட்டை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. அந்த நிலையில் அவள் முதலில் சொன்னது, “வீட்டுல சொல்லாதீங்கண்ணே.”

“எப்படி சொல்லாம இருக்கிறது?”

“பஸ்ஸுல இருந்து விழுந்துட்டேன்னு சொல்லிக்கலாம்.”

“சங்கிலி?”

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். பதில் கிடைக்காததும்தான் அழ ஆரம்பித்தாள்.

போலீசில் புகார் கொடுக்கவும் மாட்டேன் என்றாள். புகார் என்றால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். எப்படியும் அன்று சாயங்காலமே அவருக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரிக்கு லாரி உடுப்போடு வந்தார். சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். மகளின் கழுத்தில் சங்கிலி பதிந்திருந்த சிவப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். “போதும்லா,” என்றார். அவ்வளவுதான். புகார் கடைசிவரை கொடுக்கப்படவில்லை. பெண் பெயர் போலீஸ் ஸ்டேஷனில் ஏறக் கூடாதாம். ஆகவே அந்தத் தெருவில் அன்று ஒன்றும் நடக்கவில்லை என்று யாராவது சொன்னால், மறுக்க என்னிடம் ஆதாரம் கிடையாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன், படிப்பை நிறுத்த வேண்டாம் என்று வாதாட. பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போன வசனங்கள் நன்றாகவே இருந்தன. தேநீர் கொடுத்துவிட்டு அவர் கேட்டார்.

“தம்பி, அப்ப நீங்க அங்கதான் இருந்தீங்களா?”

“இருந்தேன் அங்கிள்.”

“என்ன செஞ்சீங்க?”

“ஒன்னும் செய்யல.”

“கோவமா கேக்கல தம்பி. நான் இருந்திருந்தாலும் ஒன்னும் செஞ்சிருக்க மாட்டேன். கூடப் படிக்கிற பையனாலயே முடியல, ஊரான் வந்தா காப்பாத்தப் போறான்? அதுக்குத்தான் வீட்டுல இருக்கட்டும்னு சொல்றேன்.”

வசனங்கள் எல்லாம் தேநீரோடு உள்ளே போய்விட்டன.

அவள் உள்ளே கையில் தூளிக்கட்டோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். கழுத்தில் புதிதாக ஒரு கவரிங் சங்கிலி. காயத்தின் மேலேயே போட்டிருந்தது. அது கழன்றுவிடாதபடி சட்டையோடு ஊக்கு குத்தியிருந்தது. ஒன்றல்ல, இரண்டு. என் பேச்சு லூபோக் சீனா வரைக்கும் சட்டமாகிவிட்டிருந்தது. ‘அதைக் கழற்றுங்கள், சொன்னவன் ஒரு முட்டாள்’ என்று சொல்லவேண்டும் என்றிருந்தது. சொல்லாமல் பஸ் ஏறினேன்.

அவள் கல்லூரிக்குத் திரும்பவில்லை. எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் சேர்த்துவிட்டார்கள். ஃபேக்டரி பஸ் தோட்டத்து வாசலுக்கே வரும், அதுதான் பாதுகாப்பு என்றார்களாம். விடியுமுன் இருட்டில் அவள் லயத்திலிருந்து வாசல் வரை நடக்கவேண்டிய செம்மண் பாதை யார் கணக்கிலும் வரவில்லை. நான் பட்டம் வாங்கினேன். தமாஷாக எழுதுகிறவன் என்று பெயரும் வாங்கினேன். ஊக்கைப் பார்க்கும்போதெல்லாம் தாரில் தேய்ந்த சத்தம் கேட்டது.

தொண்ணூறுகள் முடியும் சமயம் மலாக்காவில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவளைப் பார்த்தேன். கன்னத்தில் தழும்பு பவுடருக்கு அடங்காமல் தெரிந்தது. இடது கையை முழுக்கத் தூக்க முடியவில்லை. வலது கையால் சாப்பாட்டுத் தட்டு நீட்டினாள். அதற்கு மேல் தாங்காமல் ஒரு மூலைக்கு அழைத்துப்போய்ச் சொல்லிவிட்டேன்: அந்த ஊக்கு யோசனை என்னுடையது, அந்தக் கூட்டத்தில் நான்தான் சொன்னேன், உன் படிப்பைக் கெடுத்தது திருடனோ அப்பாவோ இல்லை, நான்.



“எந்தக் கூட்டம்ணே?” என்றாள்.

சொன்னேன்.

“அதுவா. வருகைக்குக் கையெழுத்துப் போட்டுட்டு நாங்க பின்படி வழியா இறங்கி மீ கோரேங் சாப்பிடப் போயிட்டோம். ஊக்கு எங்கம்மா குத்துனது, நான் வயசுக்கு வந்து சங்கிலி போட்ட நாள்ல இருந்து குத்துது,” என்றாள். “நீங்க பேசுறதை எல்லாம் யாருண்ணே கேட்டா?”