ரமணி போட்டுக் கொடுத்த டேப்

கோலா சிலாங்கூரில் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஒரு ரேடியோ கடை இருந்தது. ரேடியோ பழுது பார்ப்பார்கள், கேசட்டும் பதிந்து கொடுப்பார்கள். மூன்றாம் படிவத்தோடு படிப்பு நின்றுபோன ரமணி, பதினெட்டு வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். வேண்டிய பாட்டுகளை ஒரு தாளில் எழுதி வெற்றுக் கேசட்டோடு கொடுத்துவிட்டுப் போவார்கள். இரண்டு டெக்குகளை வைத்துக்கொண்டு அவள் வரிசையாகப் பதிந்து வைப்பாள். கல்யாணத்துக்கு ஒரு வரிசை, பூசைக்கு ஒரு வரிசை, லோரி ஓட்டுநர்களுக்கு வேறொரு வரிசை. மூன்று வருடத்தில் எந்தப் பாட்டு எத்தனை நிமிடம் என்பது அவளுக்குத் தாளைப் பார்க்காமலே தெரிந்திருந்தது.

1984 கடைசியில் ஒரு சனிக்கிழமை, அவள் குடும்பம் வேலை செய்யும் தோட்டத்திலிருந்தே உமாபதி வந்தான். தொழிலாளர் வீடுகளின் மூன்றாம் வரிசையான மூன்றாம் லயத்து வள்ளியம்மாவின் மகன், செம்பனைக் குலை வெட்டுகிறவன், இருபது வயது. மேலே ஒன்றும் எழுதாத ஒரு கேசட்டை நீட்டினான்.

"அக்கா, இதுல பாட்டு வேணாம். நடுவுல பாடுறவன் வாய மூடிக்கிட்டு டிரம் மட்டும் வருதுல்ல, அது மட்டும் வேணும். பத்து நிமிசத்துக்கு."

"அது பத்து செகண்டுதான வருது?"

"அதான் ஒங்ககிட்ட வந்தேன்."

ரமணி கேட்டுப் பார்த்தாள். அமெரிக்காவில் கறுப்பர்கள் பாடுவது என்று அவன் சொன்னான். பாடுவதா பேசுவதா என்று பிரிக்க முடியவில்லை. காப்பியிலிருந்து எடுத்த காப்பியிலிருந்து எடுத்தது, அதனால் பாட்டுக்குப் பின்னால் மழை பெய்வது போல ஓர் இரைச்சல். ரேடியோவில் இது வராது, கடையிலும் கிடைக்காது. கோலாலம்பூரில் யாரோ ஒருவனிடமிருந்து கைமாறிக் கைமாறி வந்தது.

கடை முதலாளியான தவுக்கே தினமும் சாப்பிடப் போகும் ஒரு மணி நேரத்தில் அவள் அதைச் செய்து பார்த்தாள். டிரம் முடியும் இடத்தில் பதிகிற டெக்கின் பாஸ் பட்டனை அமுக்கி நிறுத்துவது, முதல் டெக்கைப் பின்னால் ஓட்டி டிரம் தொடங்கும் இடத்துக்குக் கொண்டுவருவது, அந்த முதல் அடி விழும் கணத்தில் பட்டனை விடுவது. அறுபது தடவை. முதல் டேப் நொண்டியது. நான்காவது டேப்பில் எங்கே ஒட்டினோம் என்று அவளுக்கே தெரியவில்லை. கடையில் செய்த எந்த வேலையும் அவளுக்கு அவ்வளவு சந்தோஷத்தைக் கொடுத்ததில்லை.

அந்தச் சந்தோஷத்தை வெளியே சொல்ல முடியாது. அவள் அப்பா சன்னாசி தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர். உமாபதியையும் சேர்த்து மூன்றாம் லயத்துப் பையன்கள் ஆறு பேர் 'தேர்ட் லைன் பிரேக்கர்ஸ்' என்று பெயர் வைத்துக்கொண்டு, பூப்பந்துத் திடலின் சிமெண்டுத் தரையில் அட்டையை விரித்து முதுகை ஊன்றியும் தலையை ஊன்றியும் சுழன்று, அந்த டிரம்முக்குப் பிரேக் டான்ஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள். அதை நிறுத்த வேண்டும் என்று தோட்டத்து மேனேஜரான துரை சொல்லியிருந்தார். அப்பா இரண்டு தடவை அட்டையைப் பிடுங்கி எரித்தார். ஒரு தடவை உமாபதியின் முதுகில் பிரம்பாலும் போட்டார். வீட்டுக்கு வந்து, "பேய் புடிச்ச மாதிரி ஆடுறானுங்க. எவன் கழுத்தாவது ஒடிஞ்சாத்தான் அடங்குவானுங்க" என்று சொல்லிக்கொண்டே சாப்பிடுவார். ரமணி தலையைக் குனிந்து குழம்பை ஊற்றுவாள். கேசட்டில் அவள் எதையும் எழுதுவதில்லை. எழுத்தை வைத்து அப்பா கண்டுபிடித்துவிடுவார் என்ற பயம்.

மறு வருடம் மே மாதம் கோலா சிலாங்கூர் மண்டபத்தில் போட்டி வைத்தார்கள். ஐந்து குழு. அதற்கு இரண்டு வாரம் முன்னால் உமாபதி கடைக்கு வந்தான்.

"ரவாங் ஊரு பசங்க டேப்பு நம்மளதவிட வேகம்க்கா. நமக்கும் கொஞ்சம் வேணும் லா."

பாட்டு ஓடும் முதல் டெக்கின் மோட்டாருக்குப் பின்னால் சின்ன ஓட்டை ஒன்று உண்டு. உள்ளே இருக்கும் திருகைத் திருப்பினால் வேகம் கூடும். அவள் கால் சுற்று திருப்பிப் பதிந்து கொடுத்தாள். இரண்டே நாளில் திரும்பி வந்தான். "இன்னும் கொஞ்சம்." அரைச் சுற்று வைத்தாள். கேட்டபோது அவளுக்கே மூச்சு வாங்கியது. இது வேண்டாம் என்று சொல்ல நினைத்தாள். ஆனால் கேட்க நன்றாக இருந்தது, அதனால் கொடுத்துவிட்டாள்.

அவர்கள் ஆடி அவள் பார்த்ததே இல்லை. போட்டி நடந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தவுக்கே வரச் சொன்னார் என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டு மண்டபத்தின் கடைசி வரிசையில் போய் நின்றாள். தரையில் லினோலியம் விரித்திருந்தார்கள். அவள் ஒட்டிய தாளம் இரண்டு பெரிய ஸ்பீக்கர்களில் வந்தது. ஐந்து பேர் ஒவ்வொருவராக ஆடி விலகினார்கள். கடைசியாக உமாபதி தலையை ஊன்றிக் காலை மேலே தூக்கினான். ஒன்று, இரண்டு, மூன்று சுற்று. கூட்டம் எண்ணியது. ஆறாவது சுற்றில் லினோலியம் நகர்ந்தது. அவன் உடம்பு ஒரு பக்கம் போக, தலை மட்டும் அங்கேயே நின்றது. பிறகு மூட்டை போல விழுந்தான்.

அதுவும் ஆட்டம்தான் என்று நினைத்துக் கைதட்டினார்கள். டிரம் ஓடிக்கொண்டே இருந்தது. அவன் எழுந்திருக்கவில்லை. கூட்டம் முன்னால் ஓடியபோது ரமணி பின்வாங்கி வாசலுக்கு நடந்தாள். வெளியே வந்து, கிளம்பிக்கொண்டிருந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். தான் ஓடிவந்துவிட்டது பாதி வழியில்தான் அவளுக்கு உறைத்தது.

சாயங்காலம் அப்பா விஷயத்தோடு வந்தார். கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்களாம். "டேப்ப ரொம்ப வேகமா வச்சுட்டாங்களாம், அதான் புடிப்பு தவறிடிச்சுன்னு பசங்க பேசிக்கிறானுங்க. எவன்டா அத போட்டுக் குடுத்தான்னு துரை கேக்குறாரு. ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டேங்குறான்."

ரமணி அவருக்குச் சோறு போட்டாள்.

மறுநாள் கடைக்குப் போனதும், பதிந்த அன்றே பழைய இடத்துக்குத் திருப்பியிருந்த திருகை முதல் வேலையாக மறுபடி திருப்பிப் பார்த்தாள். சரியாகத்தான் திருப்பினோமா என்ற சந்தேகம் போகவில்லை. பூசைப் பாட்டுப் பதியும்போது அது மெதுவாகப் போவது போல இருந்தது, மறுபடி கேட்டால் வேகமாகத் தோன்றியது. ஒரே கேசட்டை நான்கு தடவை பதிந்தாள். காக்கிச் சட்டை போட்ட யாராவது கடை வாசலில் நின்றால் போலீஸ் என்று நினைத்தாள். தபால்காரரைப் பார்த்துக்கூட ஒரு தடவை உள்ளே போய் நின்றுகொண்டாள். துரைக்குத் தெரிந்தால் அப்பாவின் மண்டோர் வேலை போகும். வேலை போனால் வீடும் போகும், அது தோட்டத்து வீடு. அவன் நடக்க முடியாமல் போய்விட்டால் என்கிற யோசனைக்கு மட்டும் அவள் பக்கத்திலேயே போகவில்லை.

செவ்வாய்க்கிழமை உமாபதியின் குழுவில் ஒருவனான வீரன் வந்தான். "பயப்படாதீங்கக்கா. சுளுக்குதானாம். கழுத்துப் பட்டை போட்டு வெள்ளிக்கெழம அனுப்பிடுவாங்களாம். ஒங்க பேர யாரும் சொல்லல."

தப்பித்தோம் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. வியாழக்கிழமை அரை நாள் லீவு கேட்டுக் கிள்ளான் பஸ் ஏறினாள்.

உமாபதி கழுத்துப் பட்டையோடு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"ரவாங்ல ஆகஸ்டுல இன்னொரு போட்டி இருக்குக்கா. புது டேப்பு போடணும். அதே வேகம்."

"நான் திருகத் திருப்பாம இருந்திருந்தா நீ விழுந்திருக்க மாட்ட."

"வேகம் கூடத்தான் இருந்துச்சு" என்றான் அவன், மறைக்காமல். "ஆனா கேட்டது நான்தான?"

அவள் வாங்கிப் போயிருந்த மைலோவைக் கலக்கி நீட்டினாள். அவன் இடது கையால் வாங்கினான். அரிவாள் பிடிக்கிற வலது கை போர்வைமேல் அப்படியே கிடந்தது.

"அந்தக் கைக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. சுண்டு வெரலும் பக்கத்து வெரலும் மரத்துப் போவுது. போட்டிக்கு முந்தியே மூணு வாரமா இருக்கு. இப்ப கொஞ்சம் மேல ஏறியிருக்கு, அவ்வளோதான்."

"டாக்டர்கிட்ட சொன்னியா?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "சொன்னா விடுவாங்களா? நாளைக்கு வூட்டுக்குப் போறேன். நீங்களும் சொல்லக்கூடாது. டேப்பு யாரு போட்டதுன்னு நான் சொன்னேனா?"

அவன் மிரட்டவில்லை. நண்பனிடம் பேசுவது போலத்தான் சொன்னான். அது அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. போய் வருகிறேன் என்று எழுந்து வராந்தாவுக்கு வந்தாள். நான்கு மணிக்கு ஒரு பஸ். ஏறிவிட்டால் போதும், அவள் இங்கே வந்ததே ஒருவருக்கும் தெரியாது. அவன் வீட்டுக்கு வருவான், ஆகஸ்டில் ரவாங்குக்குப் போவான், மறுபடி தலையை ஊன்றுவான். அதற்கு மேல் அவளால் யோசிக்க முடியவில்லை.

வள்ளியம்மா சாப்பாட்டுக் கேரியரோடு படியேறி வந்தாள். "மண்டோரு வூட்டுப் பொண்ணா? எம்புள்ளயப் பாக்க நீயாவது வந்தியே ஆயி" என்று ரமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தை, அவனுக்குக் கை மரத்துப் போவுது. மூணு வாரமா. டாக்டர்கிட்ட மறைச்சிட்டான்" என்றாள் ரமணி. பாதியில் நிறுத்தினால் மீதி வராது என்று தெரிந்ததால் ஒரே மூச்சில் தொடர்ந்தாள். "அந்த டேப்ப போட்டுக் குடுத்தது நான்தான். வேகத்தக் கூட்டுனதும் நான்தான்."

வள்ளியம்மா கையை விட்டாள்.

"ஆடாதேன்னு ஒங்கப்பா எம்புள்ளய அடிச்சாரு. நீ அந்தப் பக்கம் ஒக்காந்து தாளம் போட்டிருக்க."

வள்ளியம்மா கேரியரைப் படியில் வைத்தாள்.

"வா. மிஸ்ஸிகிட்ட நீயே சொல்லு. எனக்கு மலாய் சரியா வராது."

வார்டு நர்ஸான அந்த மிஸ்ஸி டாக்டரைக் கூப்பிட்டாள். டாக்டர் உமாபதியின் விரல்களில் ஊசியால் குத்திக் குத்திக் கேட்டார். அவன் ரமணியைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்ப முயன்றான். பட்டை விடவில்லை, அதனால் கண்ணை மூடிக்கொண்டான். மறுபடி எக்ஸ்ரே எடுத்தார்கள். கழுத்து எலும்பில் ஒரு வெடிப்பு இருந்தது, முதல் படத்தில் அது தெரியவில்லை. இப்படியே வீட்டுக்குப் போய் இன்னொரு தடவை விழுந்திருந்தால் என்ற இடத்தில் டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டார். ஏழு வாரம் தலையில் எடை கட்டி அவனைப் படுக்க வைத்தார்கள்.

நான்கு மணி பஸ் போய்விட்டது. ஐந்தரை பஸ்ஸில் வீடு வந்தவள், செருப்பைக் கழற்றும் முன்பே அப்பாவிடம் சொன்னாள். லயத்துக்காரர்கள் வாயால் அவர் கேட்கக்கூடாது என்பது ஒன்றுதான் அவள் மனதில் இருந்தது. சன்னாசி கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எவன் எவன்னு நாலு நாளா லயம் லயமாப் போயி கேட்டேன். நீ சோறு போட்டுக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தியே."

காலையில் அவரே ஆபீசுக்குப் போய்த் துரையிடம் சொன்னார். வீடு போகவில்லை. மண்டோர் வேலையை எடுத்துவிட்டு உரம் போடும் கூட்டத்தில் ஓர் ஆளாகச் சேர்த்தார்கள். முன்பு தான் விரட்டியவர்களோடு அவர் தோளில் உரச் சாக்கைத் தூக்கினார். எட்டு மாதம் கழித்துத்தான் பழைய வேலை திரும்பக் கிடைத்தது. தீபாவளி வரை மகளிடம் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. தீபாவளியன்று, எண்ணெய் எங்கே என்று கேட்டார். அதற்காக அவள் குளியலறைக்குள் போய் அழுதாள்.

தாள டேப்பை அவள் விட்டுவிட்டாள். வீரன் வந்து வந்து கேட்டான், அவள் இல்லை என்றாள். தேர்ட் லைன் பிரேக்கர்ஸும் மறு வருடமே கலைந்தது. இருவர் சிங்கப்பூருக்குப் போனார்கள், வீரன் ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த உமாபதியால் குலை வெட்ட முடியவில்லை, அவனும் ரவாங்குக்கே காவல் வேலைக்குப் போனான். தோட்டத்துக்கு வரும்போது எதிரே ரமணி வந்தால் வேறு வழியில் நடந்தான்.

1988இல் ஒரு நாள் அவனே கடைக்கு வந்தான். கழுத்து முழுவதும் திரும்பாது. பேசுகிறவர் பக்கம் உடம்பையே திருப்பினான்.

"அன்னைக்கு ஒங்க மேல வந்த கோவம் இன்னும் போவலக்கா" என்றான். "ஆனா பஸ் ஸ்டாப்புலேருந்து இங்க நடந்துதான் வந்தேன். நீங்க அன்னைக்குச் சொன்னதாலதான் நடக்குறேன், அது எனக்குத் தெரியாம இல்ல."

அவனும் வீரனும் ஸ்பீக்கர் வாங்கிக் கல்யாண வீடுகளுக்கு டிஸ்கோ வைக்கத் தொடங்கியிருந்தார்கள். வயர் வேலை தெரிந்த, டேப் ஒட்டத் தெரிந்த ஆள் தேவைப்பட்டது. ரமணி ஒரு வாரம் பதில் சொல்லவில்லை. கடைசியில் அப்பாவிடம் கேட்டாள். "இருட்டறதுக்குள்ள வந்துரு" என்றார் அவர்.

அவள் போகத் தொடங்கினாள். பத்தாங் பெர்ஜுந்தை, ரவாங் என்று ஞாயிற்றுக்கிழமை விருந்துகள். சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே பழைய டிரம்மைப் போட்டதும் எந்த ஊரிலும் நாலு பையன்கள் தரையில் இறங்குவார்கள். அவள் கண் அவர்கள் தலையை விட்டு அகலாது. ஒருவன் தலைகீழாக நின்றால் அவன் மறுபடி காலை ஊன்றும்வரை அவள் விரல் டேப்பை நிறுத்தும் பட்டன்மேலேயே இருக்கும். பழகிவிடும் என்று வீரன் சொன்னான். பழகவில்லை.

ரவாங்கில் ஒரு விருந்தில் வெறும் சிமெண்டுத் தரையில் ஒருவன் தலையை ஊன்றியதும் அவள் டேப்பை நிறுத்திவிட்டாள். மண்டபம் அமைதியானது. மாப்பிள்ளை வீட்டார் வந்து, மிஷின் கெட்டுப்போச்சா என்று கேட்டார்கள். உமாபதி ஸ்பீக்கருக்குப் பின்னாலிருந்து எழுந்து வந்து, உடம்போடு அவர்கள் பக்கம் திரும்பினான்.

"மிஷின் நல்லாத்தான் இருக்கு லா. ஒரு மெத்த கொண்டாரச் சொல்லுங்க, போடுறோம்."

யாரோ முணுமுணுத்தார்கள். பிறகு இரண்டு பேர் மெத்தை தேடிப் போனார்கள்.