ரெஜினாவின் பெயரில் மூவர்

ரெஜினா இறந்த செய்தி வந்தபோது நான் ரெஜினாவாக உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தேன். பதுளையில் அவளுடைய வீட்டு முன்னறை, அவளுடைய கணினி, இணையத்தில் அவளுடைய பெயரில் இருந்த கணக்கு. வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். அவளுடைய அண்ணன் அந்தோணி ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து, "அக்கா, ரெஜினா போயிட்டா" என்றார். நாலே நாள் காய்ச்சல். திரையில் அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. ஆள் வேலையில் இருக்கிறார் என்பதற்கான அடையாளம் அது.

புள்ளிக்குக் கீழே ஒரு செய்தியும் காத்திருந்தது. எங்களுக்குத் தொடர்ந்து வேலை தந்துவந்த வெளிநாட்டுத் தமிழ் அம்மா ஒருவர் எழுதியிருந்தார். பெரிய வேலை ஒன்று இருக்கிறது, தருவதற்கு முன் முகம் பார்த்துப் பேச வேண்டும், திங்கட்கிழமை காலை முடியுமா ரெஜினா என்று கேட்டிருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா? "சரி, வருகிறேன்" என்று தட்டி அனுப்பினேன். கைப் பழக்கத்தில் அனுப்பிவிட்டேன் என்று பிறகு எல்லோரிடமும் சொன்னேன். பொய். வேலை போய்விடுமே என்ற பயத்தில் தெரிந்தேதான் அனுப்பினேன். அதற்குப் பிறகுதான் அழுதேன்.

அவளைக் கோயில் பாட்டுக் குழுவில் அறிந்து, இன்று பூசைக்கு வந்திருக்கும் உங்களுக்கு அவளுடைய வேலை சரியாகத் தெரிந்திருக்காது. யார் யாரோ பேசிய ஒலிப்பதிவுகள் ஒரு இணைய வேலைத் தளத்தில் வரும். கேட்டு, சொல்லுக்குச் சொல் தட்டெழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். வேலை கொடுத்தவர் திருப்திப்பட்டால் நட்சத்திரம் போடுவார். அந்த நட்சத்திரங்களைப் பார்த்துத்தான் அடுத்தவர் வேலை தருவார். ரெஜினா என்னைவிட ஆறு வயது இளையவள், அதனால் அவள் என்றே எழுதுகிறேன். அவளும் இதற்குச் சிரிக்கத்தான் செய்வாள்.

நான் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் பதினான்கு வருடம் கொழுந்து பறித்தவள். முழங்கால் இனி மலை ஏறாது என்று ஆனபின், கல்யாணத்துக்கு முன்பு படித்த தட்டெழுத்தை நம்பி இந்த வேலைக்கு வந்தேன். தளத்தில் கணக்குத் திறக்க விலாசத்துக்கு அத்தாட்சி கேட்டார்கள். எங்கள் லயத்து வீட்டு வரிசையில் எந்தக் காம்பரா அறைக்கும் தனி இலக்கம் கிடையாது. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும், மின்சார பில்லிலும் என் பெயர் இல்லை. மூன்று முறை போட்டேன், மூன்று முறையும் மறுத்துவிட்டார்கள். பசறைத் தோட்டத்துச் சுமதிக்கும் இதே கதை.

ரெஜினாவுக்கு டவுனில் வீடு, அவள் பெயரிலேயே பில். "என் பேருல செய்யுங்க அக்கா. மலையில முடியாதவ பேருல இன்னொருத்தி கொழுந்து நிறுக்கிறதில்லையா?" என்றாள். உண்மைதான். அக்காவுக்கு உடம்பு முடியாவிட்டால் அவள் பெயரில் தங்கச்சி கொழுந்தைப் போடுவாள். வேலையை மேற்பார்க்கும் கங்காணிக்கும் தெரியும். யாரும் அதைத் திருட்டு என்று சொன்னதில்லை. நாங்கள் அந்த வழக்கத்தையே இணையத்துக்கும் கொண்டுபோனோம். ஒரு கணக்கில் ஒருவர்தான் வேலை செய்யலாம் என்ற விதியை ரெஜினா வெகுநாள் கழித்துத்தான் படித்தாள். படித்த நாளிலிருந்து அவளுக்கு நிம்மதி இல்லை.

வேலை என்று வந்தால் பொல்லாதவள். ஒருமுறை பெரியவர் ஒருவரின் பேச்சில் இரண்டு சொல் இருமலில் அமுங்கிவிட்டது. இதுவாகத்தான் இருக்கும் என்று நானே நிரப்பினேன். வாக்கியம் நன்றாகத்தான் இருந்தது. ரெஜினா அதை அழித்துவிட்டு, நிமிடம் விநாடி குறித்து, "கேட்கவில்லை" என்று எழுதச் சொன்னாள். நான் சண்டைக்குப் போனேன். "கேட்டத மட்டும் எழுதுங்க அக்கா. கேக்காதத எழுதினா அது அவரு கத இல்ல, நம்ம கத" என்றாள். சின்னவள் எனக்குப் புத்தி சொல்வதா என்று அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அவள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். குடித்தேன், பேசத்தான் இல்லை.

இப்படிப்பட்டவளுக்குத் தன் பெயரிலேயே ஒரு பொய் ஓடுவது பொறுக்குமா? காய்ச்சல் வருவதற்கு ஒரு வாரம் முன்பு, அந்த வெளிநாட்டு அம்மாவுக்கு எழுதிய கடிதத்தை எனக்குக் காட்டினாள். நாங்கள் மூன்று பேர், மன்னியுங்கள் என்று இரண்டே வரி.  கணக்கை மூடிவிட்டால் என்ன செய்வது? என் மகள் பண்டாரவளையில் தங்கிப் படிக்கிறாள். சுமதியின் கணவர் எழுந்து நடமாட முடியாமல் கிடக்கிறார். "ஒன் நேர்மைய வச்சு என் அடுப்பு எரியுமா?" என்று கத்திவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினேன். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

அவள் கடிதத்தை அனுப்பவில்லை. நானும் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. அவள் வார்டில் படுத்தபின், எடுத்த வேலையை முடிக்கச் சுமதி கூப்பிட்டதால்தான் போனேன். ஆஸ்பத்திரிக்கு நாளைக்குப் போகலாம், காய்ச்சல்தானே என்று இருந்துவிட்டேன். வார்டிலிருந்து எனக்கு ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். கோபத்தில் அதையும் திறக்கவில்லை.

சனிக்கிழமை அடக்கம். திங்கட்கிழமை காலை நானும் சுமதியும் அந்த முன்னறையில் உட்கார்ந்தோம். சுவரில் மாலை போட்ட அவளுடைய படம். "கேமரா பழுதுன்னு சொல்லுவோம். குரல வச்சு என்னா தெரியப்போகுது?" என்று சுமதி வழியிலேயே சொல்லியிருந்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அழைப்பு வந்தது. வணக்கம் ரெஜினா, முகம் தெரியவில்லையே என்றார் அந்த அம்மா. சுமதி என் கையை இறுக்கிப் பிடித்தாள். சொல்ல வேண்டிய பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.  நான் கேமராவைத் திறந்தேன்.

"நான் ரெஜினா இல்லங்கம்மா. என் பேரு லெச்சுமி. ரெஜினா வியாழக்கிழம இறந்துட்டா. அவ பேருல நாங்க மூணு பேரு வேல செஞ்சோம்."

சுமதி கையை விட்டுவிட்டு எழுந்து வெளியே போனாள்.

 அந்த அம்மா ஒன்றே ஒன்று கேட்டார். கேட்காத இடங்களில் கேட்கவில்லை என்று குறிக்கும் வழக்கம் யாருடையது? ரெஜினாவுடையது என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். ஆனால் அந்தப் பெரிய வேலை எங்களுக்கு வரவில்லை. நானே தளத்துக்கு விவரத்தை எழுதித் தெரிவித்தபின் கணக்கையும் மூடிவிட்டார்கள். அவள் சேர்த்த நட்சத்திரம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சுமதி பத்து நாள் என்னோடு பேசவில்லை. அவள் கோபம் நியாயம்தான். இப்போது கிராம சேவகரின் கடிதத்தை வைத்து, என் பெயரில், என் காம்பரா விலாசத்தில் விண்ணப்பித்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. முந்தாநாள் சுமதியும் விண்ணப்பித்திருக்கிறாள். அவளுக்கும் நான்தான் தட்டெழுதிக் கொடுத்தேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரச் சொன்னார் அந்தோணி. ரெஜினா என்னை மன்னித்துவிட்டாள் என்று எழுதி முடிக்க எனக்கு எவ்வளவோ ஆசை. அவளுடைய ஹெட்போனை அவர் எனக்கே கொடுத்துவிட்டார். அதை மாட்டிக்கொண்டு அந்தக் குரல் செய்தியை எத்தனை முறை கேட்டிருப்பேனோ. மொத்தம் பதினோரு விநாடி. வார்டு இரைச்சல், யாரோ வண்டி தள்ளிக்கொண்டு போகும் சத்தம், நடுவில் அவள். அவளிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இந்த ஹெட்போனும், கேட்டதை மட்டும் எழுது என்ற அவளுடைய பேச்சும், இந்தப் பதினோரு விநாடியும்தான். அவள் பழக்கிய முறையிலேயே இங்கே எழுதி வைக்கிறேன்.

நான்காவது விநாடி: "அக்கா."

அதற்குப் பிறகு, கேட்கவில்லை.